எச்சங்களில் தெரியும் உட்புறம்: சிறுநிலாக்களின் வடிவ அளவீடு குறித்து

2024 பிப்ரவரியில் நேச்சர் இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு, சனிக்கோளின் மிமாஸ் என்னும் நிலாவின் பனி ஓட்டுக்கு அடியில் நீர்க்கடல் ஒன்று இருக்கிறது என்று அறிவித்தது. ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர் பாரிஸ் வானாய்வகத்தின் வலேரி லேனி. உடனாசிரியர்களில் ஒருவர் கிழக்கு லண்டனில் மைல் எண்டிலுள்ள குயின் மேரி பல்கலைக்கழகத்தின் நிக் கூப்பர். மிமாஸின் முகத்தைப் பார்க்கும் எவருக்கும் அங்கே கடல் இருக்கும் என்று தோன்றாது. அதன் அண்டை நிலாவான என்செலாடஸின் தென்துருவத்தில் பிளவுகளும் நீராவிப் பீச்சுகளும் உண்டு. மிமாஸில் அப்படி ஒன்றுமில்லை. மேற்பரப்பு முழுவதும் பழைய மோதல் பள்ளங்கள். அவற்றுள் ஏறத்தாழ 130 கி.மீ. அகலமுள்ள ஹெர்ஷல் பள்ளம் அந்த நிலாவின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை விழுங்கி நிற்கிறது. கடல் இருப்பதாகச் சொன்னது முகத்தோற்றம் அல்ல. காசினி விண்கலம் பல ஆண்டுகள் எடுத்த படங்களில் அந்த நிலா இருந்த இடமும், அது திரும்பியிருந்த கோணமும், கணக்கு எதிர்பார்த்ததிலிருந்து சற்றே விலகி இருந்தன. அந்த விலகல்தான் சொன்னது.

இக்கட்டுரையின் வாதம் இந்த விலகலைப் பற்றியது. சிறுநிலாக்களின் வடிவத்தை வரைவது வானியலின் ஓவியப் பிரிவு என்ற எண்ணம் பொதுவாசகரிடம் மட்டுமின்றி மாணவரிடமும் இருக்கிறது. செவ்வாயின் நிலாவான போபோஸ் உருளைக்கிழங்கு போன்றது என்று எழுதிவிட்டு நம் பாடநூல்கள் அடுத்த பத்திக்குப் போய்விடுகின்றன. வடிவம் என்பது ஒரு படத்தில் இருந்து பெயர்த்தெடுக்கக் கூடிய பொருள் அன்று என்பது என் நிலைப்பாடு. நிலாவின் இருப்பிடம், சுழற்சி, ஒளி விழும் திசை, கேமரா நோக்கிய திசை ஆகிய அனைத்தும் ஒரே கணக்கில் ஒருசேரத் தீர்க்கப்படும்போதுதான் வடிவம் கிடைக்கிறது. அப்படித் தீர்த்த பின்னும் தீராமல் நிற்கும் எச்சமே அந்த நிலாவின் உட்புறத்தைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிக நேரடியான சான்று. லண்டனில் குயின் மேரி குழு செய்துவந்த வானளவியல் பணி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வடிவ மாதிரிகளைப் பற்றிப் பேசும்போது அந்தப் பணியைத் துணைவேலை என ஒதுக்குவது தவறு.

முதலில் கேமராவிலிருந்து தொடங்க வேண்டும். காசினியின் குறுகிய புலக் கேமரா 1024 வரிசையும் 1024 நிரலும் கொண்ட பிக்சல் தளம் உடையது. ஒரு பிக்சல் பிடிக்கும் கோணம் ஏறத்தாழ 6 மைக்ரோரேடியன். பத்து லட்சம் கி.மீ. தொலைவிலிருந்து பார்த்தால் ஒரு பிக்சலுக்குள் 6 கி.மீ. அடங்கும், சுமார் 396 கி.மீ. விட்டமுள்ள மிமாஸ் அப்போது 66 பிக்சல் அகலத்துக்கு ஒரு வட்டாகத் தெரியும். இந்த வட்டின் மையம் எங்கே? எளிய கேள்வியாகத் தோன்றும். ஆனால் சூரிய ஒளி ஒரு பக்கமாக விழுவதால் ஒளிபொருந்திய பகுதியின் மையமும் உருவத்தின் மையமும் ஒன்றல்ல. பிறை வடிவில் தெரியும்போது இரண்டுக்கும் இடையே பல பிக்சல் வேறுபாடு வரும். ஒளியின் மையத்தை நிலாவின் மையமாக எடுத்துக்கொண்டால் சுற்றுப்பாதையே பிசகிவிடும். எனவே ஒளிபட்ட பக்கத்து விளிம்பைத் தேடிப் பிடித்து, அதில் ஒரு நீள்வட்டத்தைப் பொருத்தி, மையத்தைக் கணிக்கிறார்கள். இருள் தொடங்கும் அந்திக்கோடு இதற்குப் பயன்படாது. அது நிலாவின் எல்லை அன்று, ஒளியின் எல்லை.

அந்த நீள்வட்டம் எங்கிருந்து வருகிறது? நிலாவின் வடிவம் ஏற்கெனவே தெரிந்திருந்தால்தான் குறிப்பிட்ட கோணத்தில் அதன் வெளிக்கோடு எப்படித் தெரியும் என்று கணிக்க முடியும். வடிவம் தெரிய வேண்டுமானால் படம் எடுத்த நேரத்தில் நிலா எங்கே இருந்தது, எந்தப் பக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தது என்பது தெரிய வேண்டும். ஒன்று மற்றொன்றைக் கேட்கிறது. இந்தச் சுழலிலிருந்து வெளியே வருவதற்கு ஒரே வழி, எல்லாவற்றையும் தோராயமாக எடுத்துக்கொண்டு தொடங்கி, நூற்றுக்கணக்கான படங்களுக்கு ஒருசேரப் பொருந்தும்வரை எல்லா எண்களையும் திருத்திக்கொண்டே போவதுதான். ஆகவே வடிவ மாதிரி என்று நாம் பார்க்கும் வழவழப்பான முப்பரிமாண உருவம், பல படங்களுக்கிடையே எட்டப்பட்ட உடன்பாடு. உடன்பாட்டுக்குள் வராத படங்களும் உண்டு. அவை வெளியீட்டுப் படத்தில் தெரிவதில்லை.

கேமரா எந்தத் திசையைப் பார்த்தது என்பதும் முழுமையாகத் தெரிந்ததல்ல. விண்கலம் தன் நோக்கை அறிவிக்கும் துல்லியம் பல பிக்சல் அளவுக்குப் பிசகக்கூடியது. இதைச் சரிசெய்வது படத்தின் பின்னணியில் விழுந்த விண்மீன்கள். விண்மீன்களின் இருப்பிடம் அட்டவணைகளில் இருப்பதால், அவற்றைப் படத்தில் அடையாளம் கண்டு, கேமராவின் உண்மையான நோக்கை மீட்டெடுக்கலாம். கேயா விண்கலத்தின் முதல் அட்டவணை 2016இல் வந்த பிறகு இந்த அடித்தளம் வெகுவாக உறுதிப்பட்டது. கூப்பரும் லேனியும் கார்ல் மர்ரேயும் பிறரும் 2018இல் விவரித்த கேவியர் என்னும் மென்பொருள் இந்த வேலைக்காகவே எழுதப்பட்டது: காசினி படத்தில் விண்மீன்களைப் பொருத்து, நோக்கைத் திருத்து, நிலாவின் விளிம்பைப் பிடி, மையத்தைக் குறி. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தும்படி அது வெளியிடப்பட்டிருக்கிறது. கவனத்தை ஈர்க்கும் அறிவிப்பு எதுவும் அந்தக் கட்டுரையில் கிடையாது. ஆனால் மிமாஸின் கடல் வரை போகும் பாதையில் அது ஒரு பாலம். அறிவியல் வரலாற்றை எழுதுவோர் இத்தகைய கருவிக் கட்டுரைகளுக்கு உரிய இடம் தர வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

மர்ரே 1990 முதலே காசினி படக்குழுவில் இருந்தவர். ஸ்டான்லி டெர்மாட்டுடன் அவர் எழுதி 1999இல் வெளிவந்த சூரியக் குடும்ப இயக்கவியல் நூலை இத்துறையில் நுழையும் மாணவர்கள் இன்றும் முதலில் கையிலெடுக்கிறார்கள். குயின் மேரி குழு வடிவத்தை விட இயக்கத்தையே முதன்மையாகக் கருதியது என்பது இந்தப் பின்னணியிலிருந்து புரியும். 2004இல் சனியின் நிலாவான டயோனியின் பாதையிலேயே உடன்செல்லும் பாலிடியூசிஸைக் கண்டறிந்ததும், பிறகு ஆந்தியின் பாதையை வரையறுத்ததும் அவர்களே. சில கி.மீ. மட்டுமே அளவுள்ள இத்தகைய நிலாக்கள் பெரும்பாலான படங்களில் வெறும் ஒளிப்புள்ளிகள். அங்கே வடிவம் பற்றிய பேச்சுக்கே இடமில்லை. ஆனால் இப்புள்ளிகளின் அசைவைப் பல ஆண்டுகள் தொடர்ந்து குறித்ததால், உள்வட்ட நிலாக்கள் ஒன்றையொன்று எவ்வளவு இழுக்கின்றன என்பது தெரிந்தது. இழுப்பு தெரிந்தால் நிறை தெரியும். 2015இல் வெளிவந்த அவர்களது ஆய்வு அட்லஸின் இயக்கம் ஒழுங்கற்றது என்பதையும் அதே கணக்கில் அதன் நிறையையும் தந்தது. அட்லஸின் வடிவத்தையும் பருமனையும் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பீட்டர் தாமஸும் அவருடன் பணியாற்றியவர்களும் படங்களிலிருந்து வரைந்திருந்தார்கள். நிறையைப் பருமனால் வகுத்தபோது நீரின் அடர்த்தியில் பாதிகூட இல்லை என்ற விடை வந்தது. அட்லஸ், பான் போன்ற வளைய நிலாக்களின் நடுக்கோட்டைச் சுற்றி ஓடும் மேடு, வளையத் துகள்கள் படிந்து உருவானது என்ற கருத்துக்கு இந்த எண் பெரிய ஆதரவு. படத்தின் அழகு மட்டும் அந்த ஆதரவைத் தந்திருக்க முடியாது.

பருமனில் வரும் பிழை எப்படிப் பெருகும் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஆரத்தில் 1 விழுக்காடு பிழை இருந்தால் பருமனில் ஏறத்தாழ 3 விழுக்காடு பிழை வரும். அடர்த்தியும் அதே அளவு பிசகும். போபோஸில் இது நடந்திருக்கிறது. மார்ஸ் எக்ஸ்பிரஸ் படங்களைக் கொண்டு 2010இல் வந்த வடிவ மாதிரி அதன் பருமனை ஏறத்தாழ 5,690 கன கி.மீ. என்று தந்தது; 2014இல் வந்த திருத்திய மாதிரி ஏறத்தாழ 5,740 என்றது. நிறை மாறவில்லை. அடர்த்தி மட்டும் கன சென்டிமீட்டருக்கு 1.876 கிராமிலிருந்து 1.86க்கு இறங்கியது. இந்தச் சிறு இறக்கத்தால் முடிவு தலைகீழாகிவிடவில்லை. போபோஸின் உள்ளே கணிசமான பங்கு வெற்றிடம் என்ற கருத்து நிற்கிறது. ஆனால் அடர்த்தி என்று அச்சாகும் ஒவ்வொரு எண்ணின் பின்னாலும் வடிவம் வரைந்த ஒருவரின் தீர்ப்பு மறைந்திருக்கிறது என்பதை இது காட்டுகிறது.

போபோஸை நான் இழுத்து வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. விண்கலப் படங்களிலிருந்து வடிவம் வரையும் வேலையின் தொடக்கப் பள்ளி அதுதான். 1971இல் மாரினர் 9 அதன் முதல் நெருக்கப் படங்களைத் தந்தது. 1976 முதல் வைக்கிங் கலங்கள் மேலும் நெருங்கின. ஜெட் உந்துகை ஆய்வகத்தின் தாமஸ் டக்ஸ்பரி பள்ளங்களின் மையங்களைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகளாகக் கொண்டு ஒரு வலையமைப்பைக் கட்டினார். ஒரே பள்ளம் பல படங்களில் வெவ்வேறு கோணத்தில் தெரியும்போது அதன் முப்பரிமாண இருப்பிடம் தீர்கிறது. புள்ளிகள் கூடக் கூட உருவம் திரள்கிறது. நிலத்தில் முக்கோண அளவை செய்வோர் மலையுச்சிகளைப் பயன்படுத்துவதன் தத்துவமே இது. ஒரே வேறுபாடு: இங்கே அளப்பவரும் நகர்கிறார், அளக்கப்படும் நிலமும் நகர்கிறது.

நம் மங்கள்யானும் இதில் ஒரு படம் சேர்த்திருக்கிறது. 2020 ஜூலை 1 அன்று, போபோஸிலிருந்து சுமார் 4,200 கி.மீ. தொலைவில், அதன் வண்ணக் கேமரா எடுத்த படத்தில் ஒரு பிக்சல் 210 மீட்டர். போபோஸின் நீண்ட அச்சு 26 கி.மீ. என்பதால் படத்தில் அது ஏறத்தாழ 124 பிக்சல் நீளம். ஸ்டிக்னி பள்ளம் நன்றாகத் தெரிகிறது. இந்தப் படத்தை நம் நாளிதழ்கள் பெருமையோடு வெளியிட்டன, பெருமை நியாயமானது. ஆனால் அதோடு ஒரு கணக்கையும் வெளியிட்டிருக்கலாம். போபோஸ் செவ்வாய்க்கு எப்போதும் ஒரே முகத்தைக் காட்டினாலும், பாதை முழு வட்டமாக இல்லாததால் இருபுறமும் சிறிது ஊசலாடுகிறது. இதையே வானியலார் லைப்ரேஷன் என்கிறார்கள். அதன் வீச்சு ஏறத்தாழ 1.1 பாகை. நீண்ட அச்சின் நுனியில் அது சுமார் 250 மீட்டர் நகர்வு. மங்கள்யான் படத்தில் ஏறத்தாழ ஒரு பிக்சல்! ஒரு பிக்சலுக்குள் ஒரு நிலாவின் உள்ளமைப்பு பற்றிய செய்தி அடங்கியிருக்கிறது என்று ஒரு மாணவருக்குச் சொல்லியிருந்தால் அந்தப் படம் வேறு வகையில் மனத்தில் நின்றிருக்கும்.

அந்தச் செய்தி என்ன? நீண்ட உருவத்தைக் கோள் இழுக்கும்போது அது எவ்வளவு ஊசலாடும் என்பது உள்ளே நிறை பரவியிருக்கும் விதத்தைப் பொறுத்தது. உள்ளே எங்கும் ஒரே அடர்த்தி என்று எடுத்துக்கொண்டு வடிவத்திலிருந்து மட்டும் ஊசலாட்டத்தைக் கணித்துவிடலாம். பிறகு அதைப் படங்களில் அளந்ததோடு ஒப்பிட வேண்டும். போபோஸில் இரண்டும் பிழை எல்லைக்குள் ஒத்துப்போகின்றன. எச்சம் இல்லை, ஆகவே பெரிய அளவிலான ஏற்றத்தாழ்வு உள்ளே இருப்பதற்குச் சான்றும் இல்லை. மிமாஸில் ஒத்துப்போகவில்லை.

மிமாஸை வில்லியம் ஹெர்ஷல் 1789 செப்டம்பரில் லண்டனுக்கு மேற்கே ஸ்லௌ ஊரில் தன் பெரிய தொலைநோக்கியில் கண்டார். அடுத்த இரு நூற்றாண்டுகள் அது ஒளிப்புள்ளியாகவே இருந்தது. வாயேஜர் படங்களின் விளிம்புகளை வைத்து டெர்மாட்டும் தாமஸும் 1988இல் அதன் வடிவத்திலிருந்து உள்ளமைப்பை ஊகிக்க முயன்றார்கள். அப்போதைய படங்களில் அதற்கு மேல் செல்ல முடியவில்லை. காசினி 2004இல் சனியை அடைந்த பிறகு நிலைமை மாறியது. மிமாஸின் அச்சு ஆரங்கள் ஏறத்தாழ 208, 197, 191 கி.மீ. என்று தெளிந்தன. 2014இல் ரத்வான் தாஜதின் தலைமையில் வந்த ஆய்வு, பள்ளங்களைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகளாக்கி, இந்த நிலாவின் ஊசலாட்டத்தை அளந்தது. கிடைத்த வீச்சு ஏறத்தாழ 50 கலை (ஆர்க்மினிட்). கணக்கு எதிர்பார்த்தது அதில் சுமார் பாதிதான். நடுநிலையிலிருந்து ஒரு பக்கத்துக்கு 3 கி.மீ. நகர்கிறது என்பது அளவீடு, ஒன்றரை கி.மீ. போதும் என்பது கணக்கு. வித்தியாசம் ஒன்றரை கி.மீ. அதாவது நாம் முதலில் பார்த்த பத்து லட்சம் கி.மீ. தொலைவுப் படத்தில் கால் பிக்சல்.

இந்த எச்சத்துக்கு இரண்டு விளக்கங்கள் சொல்லப்பட்டன. ஒன்று, மிமாஸின் பாறைக் கருவம் உருண்டையாக இல்லாமல் நீண்டு கிடக்கிறது. மற்றொன்று, பனி ஓடு உட்புறத்தோடு ஒட்டாமல் கடலின் மேல் தனியே ஆடுகிறது. ஊசலாட்டம் என்ற ஒற்றை அளவை மட்டும் வைத்து இரண்டில் ஒன்றைத் தேர முடியாது. பலர் கடலை ஏற்கத் தயங்கினார்கள். அந்தத் தயக்கம் நேர்மையானது. வெளியே எந்தத் தடயமும் இல்லாத ஒரு நிலாவில், இவ்வளவு சிறியதில், கடல் உறையாமல் எப்படி நிற்கும்? அவ்வளவு வட்டவிலகல் உள்ள பாதையில் இருந்துகொண்டு உருகியும் இருந்தால், அலைவிசை பாதையை விரைவில் வட்டமாக்கிவிடாதா?

முடிச்சை அவிழ்த்தது வடிவம் அன்று, இருப்பிடம். நீண்ட கருவம் என்ற விளக்கம் உண்மையானால், அந்த நீட்சி மிமாஸின் ஈர்ப்புப்புலத்தில் தெரிய வேண்டும்; ஈர்ப்புப்புலம் அதன் சொந்தச் சுற்றுப்பாதையின் அண்மைப்புள்ளி நகரும் வேகத்தையும் மாற்ற வேண்டும். மிமாஸின் ஈர்ப்பை நேரடியாக அளக்கும் அளவுக்குக் காசினி நெருங்கியதில்லை. 2010 பிப்ரவரியில் சுமார் 9,500 கி.மீ. தொலைவில் கடந்ததுதான் மிக நெருக்கமான பறப்பு. ஆகவே பாதையைத்தான் படிக்க வேண்டியிருந்தது. இங்கேதான் விண்மீன் பொருத்தி, விளிம்பு பிடித்து, மையம் குறித்த அந்தப் பொறுமையான வேலை பலன் தந்தது. படங்களிலிருந்து மீட்ட இருப்பிடங்கள் காட்டிய பாதை நகர்வு, நீண்ட திடக் கருவத்தோடு ஒத்துப்போகவில்லை. ஓட்டுக்கடியில் கடல் என்பதோடு ஒத்துப்போனது. ஓட்டின் தடிமன் 20 முதல் 30 கி.மீ. கடலின் வயது 2.5 கோடி ஆண்டுக்கும் குறைவு என்று ஆசிரியர்கள் கணித்தார்கள். இவ்வளவு இளையது என்பதே, மேற்பரப்பில் தடயம் இல்லாததற்கும் வட்டவிலகல் இன்னும் எஞ்சியிருப்பதற்கும் அவர்கள் தரும் விடை. அந்த விடையின் வெப்பக் கணக்கு மேலும் சோதிக்கப்பட வேண்டியது. பனி ஓடு மெலியத் தொடங்கியது எப்போது, ஹெர்ஷல் பள்ளம் விழுந்தபோது ஓடு எவ்வளவு தடித்திருந்தது என்ற கேள்விகளில் இன்னும் கருத்துவேறுபாடு தொடர்கிறது. ஆனால் உட்புறம் ஒரே திடமான கட்டி என்ற பழைய எண்ணம் இனி நிற்க முடியாது என்று கருதுகிறேன்.

அளவீட்டின் எச்சம் உட்புறத்தைக் காட்டிக்கொடுப்பது புதிதல்ல. இதற்குச் சென்னையிலிருந்து தொடங்கும் முன்னோடி ஒன்று உண்டு. அதன் மறுமுனை லண்டன். 1802இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்கு அருகே ஏறத்தாழ 12 கி.மீ. நீளமுள்ள அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து, பின்னாளில் மாபெரும் முக்கோண அளவை எனப் பெயர்பெற்ற பணியைத் தொடங்கினார். கோணங்களை அளந்த அரை டன் எடையுள்ள தியோடலைட்டைச் செய்தவர் லண்டன் கருவியாளர் வில்லியம் கேரி. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து அந்தக் கருவி மோதிச் சேதமுற்றதும், லாம்டன் தாமே அமர்ந்து அதைச் சீராக்கியதும் தமிழ்நாட்டில் பலர் அறிந்த செய்தி. அவருக்குப் பின் ஜார்ஜ் எவரெஸ்ட் பணியை வடக்கே கொண்டு சென்றார். நடு இந்தியாவின் கல்யாண்பூருக்கும் இமயத்தை நெருங்கிய கல்யாணாவுக்கும் இடையேயான அட்சரேகை வேறுபாட்டை முக்கோணங்களால் அளந்தபோது ஒரு விடையும், விண்மீன்களால் அளந்தபோது வேறொரு விடையும் வந்தன. வேறுபாடு 5.236 விகலை (ஆர்க்செகண்ட்).

கல்கத்தாவின் ஆர்ச்டீக்கன் ஜான் ஹென்றி பிராட், இமயத்தின் நிறை தூக்குக்குண்டைத் தன்பக்கம் இழுத்ததே காரணம் என்று கணக்கிட்டார். ஆனால் கணக்கில் வந்த இழுப்பு ஏறத்தாழ 15.9 விகலை. மலை தன் பருமனுக்கு உரிய அளவில் இழுக்கவில்லை! 1855இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் பிராட்டின் கட்டுரை வந்தது. கிரீனிச்சின் அரச வானியலர் ஜார்ஜ் ஏரி அதே ஆண்டு அதே இதழில் விடை எழுதினார்: மலைகளுக்கு அடியில் இலேசான வேர்கள் இருக்கின்றன, பூமியின் ஓடு அடியிலுள்ள அடர்ந்த திரவத்தின் மேல் மிதக்கிறது. பிராட் பின்னர் வேறு விதமாக விளக்கினார். புவி ஓட்டின் சமநிலை பற்றிய இன்றைய கோட்பாடு இந்த விவாதத்திலிருந்து பிறந்தது. இமயத்துக்கு அடியில் யாரும் துளையிடவில்லை. நில அளவையாளர் பிழை என்று தள்ளிவிடக்கூடிய ஒன்றைத் தள்ளாமல் வைத்திருந்ததால் உட்புறம் தெரிந்தது. மிமாஸுக்கு நடந்ததும் இதுவே. திரவத்தின் மேல் மிதக்கும் ஓடு என்ற ஏரியின் படம்கூட இங்கே ஏறத்தாழ அப்படியே பொருந்துகிறது.

இந்த ஒப்பீட்டுக்கு எதிராக ஒன்று சொல்லலாம். முக்கோண அளவையில் எச்சம் எது, மாதிரி எது என்பது தெளிவாகப் பிரிந்திருந்தது. விண்கலப் படங்களில் மாதிரியே படங்களிலிருந்து வருவதால், எச்சத்தை மாதிரி விழுங்கிவிடும் ஆபத்து உண்டு. இது வலுவான எதிர்வாதம். இன்று பெரிதும் கையாளப்படும் முறையை எடுத்துக்கொண்டால் இதன் கனம் விளங்கும். ராபர்ட் காஸ்கல் உருவாக்கிய அம்முறை, பல படங்களில் தெரியும் சிறு நிலத்துண்டுகளின் ஒளி ஏற்ற இறக்கத்திலிருந்து சரிவைக் கணித்து, துண்டுகளை ஒன்றோடொன்று பிணைத்து முழு உருவத்தைக் கட்டுகிறது. எரோஸ், இடோகாவா, பென்னு ஆகிய சிறுகோள்களின் வடிவங்கள் இம்முறையால் வரையப்பட்டவை. ஆற்றல் மிக்க முறைதான். ஆனால் கருமையான மண்ணும் ஒளிக்கு முதுகு காட்டும் சரிவும் ஒரே படத்தில் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும். வெவ்வேறு திசையில் ஒளி விழும் பல படங்கள் இல்லாவிட்டால் இரண்டையும் பிரிக்க முடியாது. காசினி சனியை அடைந்தபோது வடதுருவப் பகுதிகள் இருளில் கிடந்தன. 2009 ஆகஸ்டில் சூரியன் நடுக்கோட்டைக் கடந்த பிறகே அங்கே ஒளி விழுந்தது. யுரேனஸின் நிலாக்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. 1986இல் வாயேஜர் 2 கடந்தபோது ஒளியிலிருந்த தென்பாதியை மட்டுமே நாம் அறிவோம்.

தோற்றத்தின் நம்பவைக்கும் ஆற்றல் எவ்வளவு என்பதை லண்டன் முன்பே கண்டிருக்கிறது. பொறியாளர் ஜேம்ஸ் நாஸ்மித்தும் கிரீனிச்சில் பணியாற்றிய ஜேம்ஸ் கார்ப்பென்டரும் 1874இல் சந்திரனைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார்கள். சந்திரனின் மேற்பரப்பைச் சுண்ணச்சாந்தில் செய்து, அதன்மேல் சூரிய ஒளியைச் சாய்வாக விழவிட்டு, அந்த மாதிரிகளைப் புகைப்படம் எடுத்து அச்சிட்டார்கள். பார்த்தவர்கள் சந்திரனையே பார்த்ததாக உணர்ந்தார்கள். மலைகள் உண்மையை விடக் கூர்மையாகவும் உயரமாகவும் இருந்தன. நாஸ்மித்தின் கை நேர்மையானது. அவர் தொலைநோக்கியில் பல ஆண்டுகள் பார்த்துச் செய்தவர். ஆனால் ஒரு நிழலின் நீளத்தை மலையின் உயரமாக்கும் இடத்தில் கண் மிகைப்படுத்தியது. புகைப்படம் அந்த மிகையை மறைத்துவிட்டது. இன்றைய கணினி உருவங்களிலும் இதே ஆபத்து வேறு உருவில் இருக்கிறது: நன்கு அளந்த பகுதியும், ஒளியே படாமல் ஊகத்தால் நிரப்பிய பகுதியும் ஒரே சாம்பல் நிறத்தில், ஒரே வழவழப்பில் வருகின்றன.

வடிவத்திலிருந்து உட்புறத்துக்குத் தாவும்போதும் எடுகோள் மறைந்துவிடுகிறது. மெத்தோனி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 2012 மே மாதம் காசினி நெருக்கத்தில் கண்ட, சனியின் அந்தச் சிறுநிலா, பள்ளமே தெரியாத வழவழப்பான நீள்வட்டத் திண்மம். அதன் மேற்பரப்பு ஈர்ப்புக்கும் சுழற்சிக்கும் சமநிலையில் அமைந்திருக்கிறது என்று கொண்டால், வடிவத்திலிருந்தே அடர்த்தி வந்துவிடும்: நீரின் அடர்த்தியில் மூன்றில் ஒரு பங்கு அளவு. ஆனால் சமநிலை என்பது எடுகோள். மெத்தோனியின் நிறையை யாரும் தனியே அளந்ததில்லை. ஆகவே அந்த எண்ணையும் அட்லஸின் அடர்த்தியையும் ஒரே அட்டவணையில் ஒரே எழுத்தில் அச்சிடுவது முறையன்று. ஒன்று அளவீடு, மற்றொன்று நிபந்தனைக்கு உட்பட்ட ஊகம். என் எதிர்வாதிக்கு நான் தரும் விடையும் இதில்தான் இருக்கிறது. எச்சத்தை மாதிரி விழுங்காமல் இருக்க வேண்டுமானால், வடிவத்தைத் தந்த கணக்கும் உட்புறத்தைச் சோதிக்கும் கணக்கும் வெவ்வேறு அளவுகளில் ஊன்றி நிற்க வேண்டும். மிமாஸில் ஊசலாட்டம் பள்ளங்களிலிருந்து வந்தது, பாதை நகர்வு விளிம்பும் விண்மீனும் தந்த இருப்பிடத்திலிருந்து வந்தது. இரண்டும் சந்தித்ததால்தான் 2024இன் முடிவுக்கு 2014இல் இல்லாத கனம் கிடைத்தது.

வரைபடமாக விரிக்கும் சிக்கலையும் தொட்டுச் செல்கிறேன். உருண்டையல்லாத உடலைத் தாளில் விரிக்க வழக்கமான முறைகள் போதா. லண்டன் என்ற பெயருள்ள மற்றொரு நகரில், கனடாவின் ஒன்டாரியோவில், பிலிப் ஸ்டூக் பல ஆண்டுகள் இதற்கென உழைத்தார். வரைபடத்தின் வெளிக்கோடே அந்த உடலின் உருவத்தைப் பின்பற்றும்படி அவர் வகுத்த முறை, வாசகருக்கு எது மேடு, எது தட்டை என்பதை உணர்த்துகிறது. ஆனால் அவரது வரைபடங்களிலும் எங்கே அளவீடு மெலிகிறது என்பதைத் தெரிவிக்கும் குறி தனியாகத் தேவைப்படுகிறது.

வடிவ மாதிரி வெளியிடுவோர் ஒவ்வொரு பகுதிக்கும் பிழையின் அளவைக் காட்டும் துணைப் படத்தையும், பொருந்தாமல் தள்ளிய படங்களின் பட்டியலையும் சேர்த்து வெளியிட வேண்டும் என்பது என் கோரிக்கை. இதைச் சில குழுக்கள் செய்துவருகின்றன, வழக்கமாகிவிடவில்லை. நம் பல்கலைக்கழகங்களுக்கு இதில் இடம் உண்டு. காசினியின் படங்கள் முழுவதும் பொதுக் காப்பகத்தில் இருக்கின்றன. கேவியர் போன்ற கருவிகளும் கிடைக்கின்றன. தொலைநோக்கியோ விண்கலமோ இல்லாத ஒரு கல்லூரித் துறைகூட சனியின் சிறுநிலாவான எபிமிதியஸின் ஊசலாட்டத்தை மறுபடி அளந்து பார்க்கலாம். 2009இல் வெளிவந்த அளவு 5.9 பாகை, பிழை எல்லை 1.2 பாகை. அந்தப் பிழை எல்லையைப் பாதியாக்கினாலே எபிமிதியஸின் உட்புறம் சீரானதா இல்லையா என்பதைப் பற்றி இன்னும் உறுதியாகப் பேச முடியும்.

அடுத்த சோதனை அளவில் மிகச் சிறிய ஒரு நிலாவில் நடக்கவிருக்கிறது. டிடிமோஸ் சிறுகோளைச் சுற்றும் டைமார்பஸின் விட்டம் சுமார் 150 மீட்டர். 2022 செப்டம்பர் 26 அன்று டார்ட் விண்கலம் அதன்மேல் மோதியபோது சுற்றுக்காலம் அரைமணி நேரத்துக்கு மேல் குறைந்தது. மோதலுக்கு முன் அது சற்றே தட்டையான உருவம் என்று டார்ட்டின் கடைசிப் படங்கள் காட்டின. மோதலுக்குப் பின் உருவம் நீண்டிருக்க வேண்டும் என்று தொலைவிலிருந்து எடுத்த ஒளி அளவீடுகளும் ரேடார் அளவீடுகளும் சொல்கின்றன. ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் ஹேரா விண்கலம் 2025 மார்ச்சில் செவ்வாயைக் கடந்தபோது அதன் நிலாவான டீமாஸைப் படமெடுத்துக்கொண்டு அங்கே போய்க்கொண்டிருக்கிறது. அது முதலில் டைமார்பஸின் விளிம்பைப் பிடிக்கும், பிறகு பாறைகளைப் புள்ளிகளாக்கும், பிறகு ஊசலாட்டத்தை அளக்கும். வடிவத்திலிருந்து கணித்த ஊசலாட்டமும் அளந்த ஊசலாட்டமும் எவ்வளவு விலகுகின்றன என்பதைப் பொறுத்தே, அது தளர்ந்த கற்குவியலா, உள்ளே பெரும்பாறை ஏதும் இருக்கிறதா என்பது தெரியும்.